பின்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை

டாக்ஸி ஸ்டாண்டில் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த டிரைவர்களும் அப்படித்தான். கணவன் சர்க்கரை நோயில் போய்ச் சேர்ந்த வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். ஒரே மகளைப் படிக்கவைத்தது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு அனுப்பியது எல்லாம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த கையால்தான். ஊரின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அவள் பின்பக்கமாக நுழைத்து நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

அவளுக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது மோட்டார் சைக்கிள்.

"கொசு" என்பாள். "எங்கேருந்து வருதுன்னு தெரியாது. காதுகிட்ட வந்து ஙொய்ன்னு கத்திட்டுப் போயிடும்."

ஸ்டாண்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு வளைவில் சிதறிக்கிடந்த மணலில் சறுக்கி ஓர் இளைஞன் அவள் காருக்கு முன்னால் வந்து விழுந்தான். பிரேக்கின்மேல் எழுந்து நின்றேவிட்டாள். கார் நின்றது. அவன் தலைக்கவசம் கழன்று உருண்டு வந்து அவள் முன்சக்கரத்தில் முட்டியது. அவன் எழுந்தான், முழங்கையைத் தட்டிக்கொண்டான், "ஸாரிக்கா" என்றான், போய்விட்டான். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த 'டொக்' சத்தம் மட்டும் அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

மகள் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துவந்து நிறுத்தியது ஒரு கொசுவைத்தான். பார்சல் கம்பெனியில் பைக்கில் சுற்றி டெலிவரி செய்பவன். வெயிலில் கறுத்த முகத்தில் தலைக்கவசப் பட்டை போட்ட கோடு மட்டும் வெளுப்பாக இருந்தது. மரியாதையாகப் பேசினான். கொடுத்த டீயை ஆறும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பெரியக்காவுக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்துவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"எனக்கு ஒரே ஒரு வார்த்தை குடுங்க" என்றாள். "என் பொண்ணை அந்த வண்டியில பின்னால ஏத்தக்கூடாது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவன் மகளைப் பார்த்தான். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"சரிங்க அத்தை."

அதற்குள் அத்தையா என்று அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

கல்யாணம் ஆகி இருவரும் அவளோடுதான் இருந்தார்கள். காலையில் மகள் பஸ்ஸுக்கு ஓடுவாள், மாப்பிள்ளை பைக்கை எடுப்பான். மாலையிலும் அப்படியே. "ஒரே வீட்டுக்கு ரெண்டு வழியா வர்றோம்" என்று மகள் முணுமுணுப்பாள். "எதிர்வீட்டு ஆன்ட்டி என்னைத் தனியா கூப்பிட்டு, ஏதாவது பிரச்சனையாம்மான்னு கேக்கறாங்க." பெரியக்கா காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

ஒரு மாலை, சவாரி ஒன்றை ஏற்றிக்கொண்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தாள். முன்னால் ஒரு பஸ். அதன் பக்கவாட்டில் ஒரு பைக். சிக்னலில் பஸ் நின்றதும் பைக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. அதில் உரித்த ஆரஞ்சுச் சுளை. பைக்கில் இருந்தவன் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கிச் சுளையை வாயில் வாங்கிக்கொண்டான். பஸ் கிளம்பிக் கரும்புகையை அவன் மேல் கக்கியது. அவன் இருமிக்கொண்டே பஸ்ஸின் பின்னாலேயே போனான். அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"என்ன அந்தப் பையன், ஓவர்டேக் பண்ணிப் போகாம பஸ் புகையைக் குடிச்சிட்டு வர்றான்?" என்றார் பின்சீட்டுக்காரர். "லூசா?"

"லூசு இல்ல சார்" என்றாள் பெரியக்கா. "என் மாப்பிள்ளை."

பின்சீட்டுக்காரர் அவசரமாகப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

இனி பஸ் வேண்டாம், அவன் பின்னாலேயே உட்கார்ந்து வா என்று அன்றைக்கே சொல்லிவிட நினைத்தாள். சாப்பிடும்போது வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கூடவே அந்த 'டொக்' சத்தமும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். மனசு சரி என்கிறது, வயிறு கேட்கமாட்டேன் என்கிறது. அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் உண்மையில் என்னதான் ஆகும்? பாதி ஆயுளை ரோட்டில் கழித்தவளுக்கு அதுமட்டும் தெரியாது.

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் ஒரு பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். கார் லைசென்ஸ் இருந்ததால் எழுத்துத் தேர்வெல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். மைதானத்தில்தான் பிடித்தது சனி.

சொல்லிக்கொடுத்தவள் மகள் வயதுப் பெண். எதற்கெடுத்தாலும் விசில் அடிப்பாள். பேரே விசில் ஆகிவிட்டது. முதல் நாள் பெரியக்கா பத்தடி தூரம் அழகாகத்தான் ஓட்டினாள். பிரேக் பிடித்தாள். வண்டி நின்றது. அவளும் காரில் உட்கார்வது போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். வண்டி மெதுவாகச் சாய்ந்து, அவளையும் கூட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

விசில் ஓடிவந்தாள். "அம்மா, காலை ஊனணும்மா!"

"வண்டிதான் நின்னுடுச்சேம்மா!"

"வண்டி நிக்காதும்மா. நீங்கதான் அதை நிக்கவைக்கணும்."

கிளட்ச் கைக்கு வந்துவிட்டது, கியர் காலுக்குப் போய்விட்டது. அவசரத்துக்கு அவள் இடது கால், அங்கே இல்லாத கிளட்சைத் தேடிக் காற்றை உதைத்தது. எட்டு போடச் சொன்னால் அவள் போட்டது எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் புரியாத ஓர் எண். கூடக் கற்றுக்கொள்ள வந்த கல்லூரிப் பையன்கள் அவளை விழாமல் பார்த்துக்கொள்வதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டார்கள். முட்டியில் சிராய்ப்பு, மணிக்கட்டில் சுளுக்கு. மகள் கேட்டபோது, டிக்கியில் பெட்டி தூக்கினேன் என்றாள்.

மெல்ல மெல்லக் கைவந்தது. எட்டு எட்டாகவே வந்தது. தேர்வு நாளன்று ஒரு தடவைகூடக் காலை ஊனாமல் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பரிசோதகர் முன்னால் வந்து நிறுத்தினாள்.

"ஃபெயில்மா" என்றார் அவர்.

"ஏன் சார்?"

"வலது பக்கம் திரும்பும்போது கண்ணாடியை மட்டும் பாத்தீங்க. தலையைத் திருப்பல."

"இத்தனை வருஷம் கண்ணாடியைப் பாத்துத்தானே சார் ஓட்டறேன்."

"அது கார்ம்மா. அதுல தப்பு பண்ணா பெயின்ட் போகும்."

காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவள் ஓட்டுவதைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை. கண் கலங்கியது. அப்போது பார்த்து ஒரு சவாரி கண்ணாடியைத் தட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீட்டரைப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், மாப்பிள்ளை வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெரியக்கா சும்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை, ஓட்டும்போது தலையைத் திருப்பினா வண்டியும் அந்தப் பக்கம் போகுமே. அப்புறம் எப்படித் திருப்பறது?"

அவன் துணியைப் பிழிந்தான். "தோளை விட்டுட்டுக் கழுத்தை மட்டும் திருப்பணும் அத்தை. பழகணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "தேர்வு என்னாச்சு?" என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு யார் சொன்னா?"

"அந்த ஸ்கூலுக்கு ஒரு பார்சல் குடுக்கப் போனேன். வெளியே உங்க டாக்ஸி நின்னுச்சு. உள்ளே நீங்க எட்டு போட்டுட்டு இருந்தீங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அப்ப அது ஏறக்குறைய மூணு அத்தை."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. சொன்னா பயந்துடுவா. அப்புறம் உங்களை ஓட்ட விடமாட்டா."

இப்படிக்கூட ஒரு பயம் வீட்டில் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு டாக்ஸியில் அவளும், பைக்கில் அவனுமாகப் போனார்கள். அவன் பின்னால் நின்றுகொண்டு விரல்களைக் காட்டுவான். அவள் அவன் பைக்கை ஓட்டிக்கொண்டே கழுத்தைத் திருப்பிப் பார்த்து எத்தனை என்று கத்தவேண்டும்.

"மூணு!"

"நாலு அத்தை! கட்டைவிரலை விட்டுட்டீங்க!"

வேர்த்து விறுவிறுத்துப்போகும்வரை ஓட்டினாள். எப்போது எண்ணிக்கை சரியாக வர ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, "ஏறி உட்காருங்க" என்றாள்.

"நானா?"

"பின்னால ஒரு ஆள் இருந்தா வண்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தானே இவ்வளவும்."

மாப்பிள்ளை ஏறினான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாமியார் தோளைப் பிடிக்க முடியுமா? பின்பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு சாண் தள்ளிவைத்து, மூட்டைபோல உட்கார்ந்தான். அவள் கிளப்பினாள். வண்டி கனத்தது, சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்டது. மூலையில் பிரேக் பிடித்ததும் அவன் தலைக்கவசம் அவள் தலைக்கவசத்தில் வந்து இடித்தது.

"மன்னிச்சிடுங்க அத்தை!"

"பிரேக் போட்டது நான். மன்னிப்பு நீங்க கேக்கறீங்க."

இரண்டு சுற்று சுற்றினார்கள். மூன்றாவதில் கொஞ்சம் வேகம் கூட்டினாள். பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "அத்தை... ஒரு நிமிஷம் நிறுத்தறீங்களா?"

நிறுத்தினாள். அவன் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு? தலை சுத்துதா?"

"இல்ல." தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பைக் ஓட்ட ஆரம்பிச்சதுலேருந்து நான் பின்னால உட்கார்ந்ததே இல்ல அத்தை. முன்னால இருந்தா கையில பிரேக் இருக்கு. என்ன வருதுன்னு தெரியுது. பின்னால ஒண்ணுமே இல்ல. முன்னால இருக்கறவங்களை நம்பி உட்கார்ந்திருக்கறது மட்டும்தான்." தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டான். "நீங்க அன்னிக்கு வார்த்தை கேட்டப்ப, பெரியவங்க கேக்கறாங்களேன்னுதான் குடுத்தேன். எதுக்குக் கேட்டீங்கன்னு இப்பதான் தெரியுது."

பெரியக்கா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தப் பையனுக்குப் பயம் தெரியவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் வெளுத்துப்போன அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. டாக்ஸியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தாள்.

"நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?" என்றாள்.

அவன் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தான். "நல்லா ஓட்டறீங்க அத்தை. நிஜமா."

"அப்ப எழுந்திருங்க. இன்னும் ஒரு சுத்து. இந்தத் தடவை கம்பியை விட்டுட்டு என் தோளைப் பிடிச்சுக்கோங்க. நீங்க எனக்குப் பையன் மாதிரிதானே."

அவன் பிடித்துக்கொண்டான்.

இரண்டாவது தேர்வில் அவள் கழுத்தை அவ்வளவு திருப்பியதைப் பார்த்து, "போதும்மா, கழுத்து பிசகிடப்போகுது" என்றார் பரிசோதகர். வேலிக்கு அப்பால் நின்ற விசில் அடித்த விசிலில் தெருநாய்கள் எழுந்து நின்றன.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றிரவு சாப்பாட்டு மேஜைமேல் அதை வைத்தாள். மகள் அதை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு எங்கிட்ட மறைச்சிருக்கீங்க! பெட்டி தூக்கினேன், பெட்டி தூக்கினேன்னு... அம்மா, உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அதான் ஆகலையே" என்றாள் பெரியக்கா. தண்ணீர் ஒரு வாய் குடித்துக்கொண்டாள். "நாளையிலேருந்து பஸ் வேண்டாம். அவர்கூடவே வா."

மகள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். ஒரு தட்டுக்கு வேண்டியதைவிட அதிக நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அம்மாவின் சுளுக்கிய மணிக்கட்டைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. பெரியக்கா சவாரியை முடித்துக்கொண்டு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். போனைக் கையில் எடுத்தாள். ஓட்டுகிறவனுக்குப் போன் செய்யக்கூடாது என்று வைத்துவிட்டாள். வழக்கமான நேரம் தாண்டி வாசலில் சத்தம் கேட்டது. இருவரும் சொட்டச் சொட்ட நனைந்து, சிரித்துக்கொண்டே படியேறினார்கள்.

திட்டத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே துண்டோடு போனவள், அதை மாப்பிள்ளையிடம் நீட்டி, "ரோடு வழுக்குச்சா?" என்றாள்.

"பாலத்துக்கிட்ட மட்டும் அத்தை."

"எண்ணெய் சிந்தியிருக்கும். முன் பிரேக் பிடிக்கலையே?"

"இல்ல. கியரைக் குறைச்சு மெதுவா வந்துட்டேன்."

"டயர் கொஞ்சம் தேஞ்சிருக்கு, பாத்தீங்களா? அடுத்த வாரம் மாத்திடணும்."

"நானும் அதான் நினைச்சேன் அத்தை."

அவர்களுக்கு நடுவில் நின்று, தலைமுடியிலிருந்து நீரைப் பிழிந்துகொண்டிருந்த மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தி இங்க நனைஞ்சு நிக்கறேன். எனக்கு யாராவது ஒரு துண்டு குடுப்பீங்களா?"