வெள்ளி டிராகன்

"டார்ச்சைப் பின்னால வெச்சுப் பிடி அக்கா," என்றான் தம்பி. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் பாதிதான் வந்தது.

அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் பிடித்தாள். சேகரித்து விளையாடும் படக் கார்டுகள் விற்கும் கடை அவனுடையது. அசலா போலியா என்று கேட்டு ஊரே அவனிடம்தான் வரும். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் தேடிய வெள்ளி டிராகன் கார்டு மட்டும் கையில் சிக்கவேயில்லை. டாக்டர் கையை விரித்த அன்றிலிருந்து அவள் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கெஞ்சி, இன்று காலைதான் யாரோ ஒருவரிடம் வாங்கி வந்திருந்தாள்.

அசல் கார்டின் நடுவே கறுப்பாக ஒரு தாள் ஒளிந்திருக்கும், வெளிச்சத்தை விடாது. அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கும் மனப்பாடம். இதில் வெளிச்சம் பளிச்சென்று இந்தப் பக்கம் வந்தது. டிராகனின் வயிற்றில் அவள் விரல்களின் நிழல் தெரிந்தது.

அவனுக்குக் கண் மங்கிச் சில நாளாகிவிட்டது.

"வெளிச்சம் வருதா?"

"இல்லடா. கும்மிருட்டா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பொட்டு வெளிச்சம் வரல. சத்தியமா."

டார்ச்சை அணைத்துவிட்டுக் கார்டை நீட்டினாள். அவன் கார்டை வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் வளைத்து, விறைப்பாக நிமிர்கிறதா என்று விட்டுப் பார்த்தான். மறுபடி வளைத்தான். இது ஒன்றாவது நடக்கட்டும், இது ஒன்றாவது என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அலைஞ்சியா?"

"அதெல்லாம் இல்ல. பக்கத்துலயே கெடச்சுது."

கார்டை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டான்.

"அழகா இருக்குக்கா. வீட்டுலயே வெச்சுக்க. யாருக்கும் வித்துடாத."

"சரிடா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போலிக் கார்டோடு வருகிறவர்களிடம், மனம் நோகாதபடி, கடையில் அவன் சொல்லி அனுப்பும் அதே வார்த்தைகளைத்தான் அவளிடமும் சொல்லியிருந்தான்.

"டேய்..." என்றாள். அவன் கண்ணை மூடியிருந்தான். மாஸ்க்கில் ஆவி படிந்தது, கலைந்தது, படிந்தது. பிறகு படியவில்லை.

"சிஸ்டர்! சிஸ்டர்!" என்று வராந்தாவில் ஓடினாள். கார்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றி, துணிச்சுருளைப் பிரித்தாள்.

"வாய் தொறந்துக்கும்மா, கட்டிடணும். தாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

பிடித்தாள். மழிக்காத தாடி உள்ளங்கையில் குத்தியது. இன்னும் சூடு இருந்தது. நர்ஸ் உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

"போதும்மா. விட்டுடலாம்."

அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள்.