இருபத்தேழாவது முகவரி

1.

இந்தக் கதை ஒரு புகார்ப் பட்டியலில் கிடைத்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கப்ச்சிக் என்று ஒரு பிட்காயின் வாலட் இருக்கிறது. கிர்கிஸ் மொழியில் கப்ச்சிக் என்றால் சுருக்குப்பை. திறந்த மூல நிரல். அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பார்க்கலாம், திருத்தலாம், திட்டலாம். மூன்றாவதற்குத்தான் கூட்டம் அதிகம். அதன் புகார்ப் பட்டியலில் 418ஆம் எண்ணில் ஒருநாள் இப்படி வந்தது: “காசு இல்லை. நான் எடுக்கவில்லை.”

முதல் வாக்கியம் நிரல் எழுதுபவர்களுக்கு. இரண்டாவது எனக்கு. அந்தப் பட்டியலில் எனக்கென்ன வேலை என்றால், கப்ச்சிக்கின் தமிழாக்கம் என்னுடையது. இதுவரை அதைத் தமிழில் பயன்படுத்தியவர் ஒருவர். அவரும் நான்தான்.*

* என் கணக்கிலும் காசு இல்லை. அது பிழை அல்ல.

2.

தொடக்கங்கள்:

(அ) பிஷ்கெக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பெகிமாய் ஜன்னலோரம் நின்று தன் தனிமையை—

ஏப்ரல் மாதம். பனி இல்லை. தனிமையும் இல்லை, அவள் அம்மா வீட்டில்தான் இருந்தார்.

(ஆ) நான் எடுக்கவில்லை என்று கேட்காமலே சொல்பவன்தான் எப்போதும்—

இது தீர்ப்பு. வழக்கே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

(இ) பெகிமாய்க்கு இருபத்தாறு வயது. சம்பளத்துக்கு ஒரு பல் மருத்துவரின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். சம்பளமில்லாமல் கப்ச்சிக்கைப் பார்த்துக்கொள்கிறாள். கூட்டாளி ஒருவன் உண்டு, இல்கிஸ், கஜகஸ்தானின் கரகந்தாவில் இருக்கிறான். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. மூன்று வருடமாக நட்பு கெடாமலிருக்க அதுவும் ஒரு காரணம்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3.

புகார் எழுதியவர் குபாத். அத்-பாஷிப் பக்கம் கால்நடை மருத்துவர், நாற்பத்துமூன்று வயது. புகாரோடு நிற்காமல், கப்ச்சிக்கின் டெலிகிராம் குழுவிலும் அதே இரண்டு வாக்கியங்களைப் போட்டார். நான்கு நிமிடத்தில் மூன்று ‘உதவி மையங்கள்’ அவரைத் தேடி வந்தன. மூன்றும் கேட்டது ஒன்றைத்தான்: “உங்கள் பன்னிரண்டு சொற்களை அனுப்புங்கள்.”

வாலட் தொடங்கும்போது பன்னிரண்டு சொற்கள் தரும். போன் போனாலும் அவற்றை வைத்துப் பணத்தை மீட்கலாம். அடுத்தவனுக்குத் தெரிந்தால் அவன் மீட்டுக்கொள்வான்.

ஏழு தலைமுறைத் தகப்பன் பெயர் தெரியாதவன் கிர்கிஸ்காரனே இல்லை என்பது அந்த ஊர் வழக்கம். குபாத் மூவருக்கும் ஒரே பதில் எழுதினார்: “முதலில் உன் ஏழு தலைமுறைத் தகப்பன் பெயர்களைச் சொல்.” இருவர் மறைந்தார்கள். ஒருவன் மட்டும் ‘மைக்கேல்’ என்று ஒரு தலைமுறையை எழுதிவிட்டு ஓடினான்.

அதன் பிறகுதான் பெகிமாய் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“குபாத் அண்ணே,* நான் கப்ச்சிக் பெகிமாய் பேசுறேன்.”

“ஏழு தலைமுறை சொல்லு.”

“எனக்கு நாலுதான் தெரியும்ணே.”

“நாலா? வெக்கமா இல்ல?”

“நகரத்துல வளர்ந்துட்டேன். அந்த நாலாவது கூட சந்தேகம்தான்.”

அந்தப் பக்கம் குபாத் சிரித்துவிட்டார்.

“பித்தலாட்டக்காரியா இருந்தா ஏழையும் கடகடன்னு ஒப்பிச்சிருப்ப. வீடு எங்க? வரேன்.”

* அவள் சொன்னது ‘பாய்கே’. அண்ணே என்றே எழுதிவிடுகிறேன்.

4.

செவ்வாய்க்கிழமை மதியம் வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு பை உலர்தயிர் உருண்டை. சொந்தமாக நீவா கார் இருந்தும் பங்கு டாக்ஸியில் வந்தார். காரணம், டயர்.

நடந்தது இதுதான். குபாத்தின் பெரியப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. சனிக்கிழமை ஆண்டு நினைவுச் சாப்பாடு. குதிரை அடிக்க வேண்டும், ஊரே வரும். அதற்குச் சொந்தக்காரர்கள் மொய் வைப்பது வழக்கம். இளசுகள் எல்லாம் மாஸ்கோவிலும் கசானிலும் சியோலிலும் இருப்பதால், கப்ச்சிக் வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் குபாத். மூன்றே முக்கால் லட்சம் சோம் (கிர்கிஸ் நாணயம்) சேர்ந்தது. ஆட்டுக்குத் தடுப்பூசி போடும்போது கிடாய் ஒன்று போனை மிதித்தது.* புதுப் போன் வாங்கி, பன்னிரண்டு சொற்களை அடித்தார். இருப்பு: பூஜ்யம்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு அவர் காருக்கு நான்கு புது டயர் மாட்டியிருந்தார்.

கசானில் இருக்கும் தம்பி எர்மெக்கின் குரல் செய்தி குடும்பக் குழுவில் அத்தனை பேர் காதிலும் விழுந்தது: “அண்ணே, டயரெல்லாம் பளபளன்னு இருக்காமே. எந்தக் காசுண்ணே?”

பெகிமாய் வீட்டில் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததும் குபாத் செய்த முதல் காரியம், சட்டைப்பையிலிருந்து டயர்க்கடை ரசீதை எடுத்து நீட்டியது. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் ரசீது காட்டுகிற ஆளை விட முடியுமா? முதல் மூன்று வரைவுகளில் அவரைத் திருடனாக்கினேன். நல்ல திருடன்; வரைவுக்கு வரைவு மெருகேறினான். ஐந்து நாளாக எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அவர் ரசீதோடு அலைந்தார் என்பது நான்காவது வரைவில்தான் எனக்கு உறைத்தது.

* வரைவில் குதிரை மிதித்ததாக எழுதியிருந்தேன். குபாத் ஒத்துக்கொள்ளவில்லை. “குதிரை மிதிச்சா அதுல ஒரு கௌரவம் இருக்கு தம்பி. மிதிச்சது கிடாய். அசிங்கத்த அசிங்கமாவே எழுது.”

5.

அறையில் மூன்றாவதாக ஓர் ஆளும் இருந்தான். கதையிலிருந்து அவனை எடுத்துவிட்டேன். பெகிமாயின் அம்மா சொன்னபடி கேரட் நறுக்க மட்டும் ஒரு கை தேவைப்படுகிறது. அது யாருடையது என்று கேட்காதீர்கள்.

“பன்னிரண்டு சொல்லையும் நீங்களே அடிங்கண்ணே. நான் பாக்க மாட்டேன்” என்று பெகிமாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கேரட்டும் திரும்பிக்கொண்டது.

அடித்தார். பூஜ்யம். இன்னொரு முறை, பழைய பதிப்பில். பூஜ்யம். இன்னொரு முறை, அவளுடைய லேப்டாப்பில். பூஜ்யம்.

“யாராவது ஒருத்தர் அனுப்பினதுக்கு அத்தாட்சி இருக்காண்ணே?”

சியோலில் இருக்கும் நூர்தின் தான் அனுப்பிய முகவரியைப் படம் எடுத்து வைத்திருந்தான். அவள் அதைப் பொதுப் பேரேட்டில் தேடினாள். பிட்காயினில் எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். யாருடைய முகவரி என்பதுதான் தெரியாது.

“காசு அங்கயேதான் இருக்கு. ஒருத்தரும் தொடல.”

குபாத் எழுந்தேவிட்டார். “எங்க?”

“உலகத்துக்கே தெரியுற இடத்துல. உங்க போனுக்கு மட்டும் தெரியல.”

“அப்போ எடுத்துக் குடு!”

“அது உங்க பன்னிரண்டு சொல்லுக்குள்ள இருந்தா எடுக்கலாம். வேற எதுக்குள்ளயாவது இருந்தா...”

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. முடித்தால், யாராலும் எப்போதும் எடுக்க முடியாது என்று வரும்.)

“அந்த முகவரிய எப்படி உண்டாக்கினீங்க?”

“பட்டன அழுத்தினேன். புது முகவரின்னு இருந்துச்சு.”

“எத்தனை தடவ?”

“ஆளுக்கு ஒண்ணு. அம்பத்தேழு பேரு.”

“முதல் முகவரி யாருக்கு?”

“காசிமாலி அத்தாவுக்கு. குடும்பத்துக்கே மூத்தவரு. வேற யார முதல்ல எழுத முடியும்?”

“அவரு அனுப்பினாரா?”

“அவருக்குத் தொண்ணூத்தொரு வயசு, தங்கச்சி. கையில ஆட்டப் பிடிச்சுட்டு வந்து குடுத்தாரு.”

“ரெண்டாவது?”

“சைரா அம்மாயி. அவங்க பணமா, கையில.”

“மூணாவது?”

பெகிமாய் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்தில் இரண்டு கையும் தீர்ந்தது, இருபதில் இரண்டாவது சுற்றும் முடிந்தது. குபாத் வயது வரிசையில் சொல்லிக்கொண்டே போனார். ஆடு, பணம், மாவு மூட்டை, மறுபடி ஆடு. நேரில் வைக்காத முதல் ஆள் நூர்தின். இருபத்தேழாவது.

6.

இங்கே விளக்கம் வேண்டும். பெகிமாய் என் வரைவைப் படித்துவிட்டு, “இந்த இடத்துல மூணு பக்கம் எழுதியிருக்க. நீக்கு” என்று குறிப்பு எழுதினாள். நீக்கினேன். மிச்சம் இது:

சொற்களைக் கொடுத்ததும் வாலட் ஒரு தபால்காரரைப்போல முதல் முகவரியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டு போகும். அடுத்தடுத்து இருபது வீடு காலி என்றால், இந்தத் தெருவில் யாரும் இல்லை என்று திரும்பிவிடும். உலகம் முழுக்க வாலட்டுகளுக்கு அதுதான் பழக்கம். இருபது வீட்டைக் காலியாக விட்டுவிட்டு எவன் இருபத்தொன்றாவதில் குடியேறுவான் என்று அந்தப் பழக்கத்தை வைத்தவர் நினைத்திருக்கலாம். பாவம், அவர் யார் வீட்டு மொய் நோட்டையும் பார்த்திருக்க மாட்டார்.

இருபதைத் தாண்டிப் பட்டனை அழுத்தினால் முன்பெல்லாம் கப்ச்சிக்கில் ஒரு சிவப்புக் கட்டம் எச்சரிக்கும். ஜனவரியில் எட்டுப் பேர் ‘சிவப்பு பயமுறுத்துகிறது’ என்று எழுதினார்கள். அதை நீக்கியவள் பெகிமாய்.

அது அவளுக்கு நினைவு வந்த நொடியில் அவள் கையில் தேநீர்க் குடுவை இருந்தது. குபாத்தின் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள்.

அந்த ஊரில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள்; அடிக்கடி ஊற்றலாம், இருங்கள் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு.

குபாத் கிண்ணத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

“சரி தங்கச்சி. நீயும் அப்படித்தான் நெனைக்கிற.”

“ஐயோ, உக்காருங்கண்ணே! தப்பு என்னோடது. டீயும் என்னோட தப்பு, காசும் என்னோட தப்பு!”

(“முழுக் கிண்ணத்தை நீக்கு.” — பெகிமாயின் குறிப்பு. நடந்ததுதானே என்றேன். “நடந்ததெல்லாம் சேர்த்தா எந்த நிரலும் ஓடாது.” அவள் சொன்னதில் இதை மட்டும் நான் கேட்கவில்லை.)

7.

அவள் தன் லேப்டாப்பில் இருபது என்றிருந்ததை நூறு ஆக்கினாள். தேடல் ஓடியது. திரையில் வெறும் எண்கள். பெயர்களெல்லாம் பழைய போனோடு நசுங்கிப்போயிருந்தன. பெயர்களைக் குபாத் சொன்னார்.

இருபத்தொன்று, காலி. “உருமத் மாமா.”

இருபத்திரண்டு, காலி. “அவரு சம்சாரம்.”

இருபத்தாறு, காலி. “பெருதே சித்தப்பா. மாவு மூட்டை.”

இருபத்தேழு.

திரையில் ஒரு தொகை வந்து உட்கார்ந்தது. பிறகு இருபத்தெட்டு, இருபத்தொன்பது, கசானில் இருக்கும் எர்மெக், மாஸ்கோவில் இருக்கும் அத்தனை பேர். குபாத் தொப்பியைக் கழற்றி முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார். கேரட் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

பெகிமாய் மெதுவாகச் சொன்னாள்: “அடுத்த தடவ சின்னவங்கள முதல்ல எழுதிடுங்கண்ணே. இந்த வம்பே வராது.”

தொப்பிக்குள்ளிருந்து பதில் வந்தது: “அதுக்கு நான் திருடன்னே பேரு வாங்கிக்கிறேன்.”

8.

முடிவுகள்:

(அ) குபாத் ஒலிபெருக்கியைப் போட்டு ஊருக்குப் பேசினார். பெகிமாய் தன் தவறை ஒத்துக்கொண்டாள். எர்மெக், “சும்மா விளையாட்டுக்குக் கேட்டேண்ணே” என்றான். எல்லோரும் மகிழ்ச்சியாக—

எர்மெக் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அது மகிழ்ச்சி ஆகாது.

(ஆ) அதே அழைப்பில் காசிமாலி அத்தாவின் குரல்: “இருங்கடா. என் வீடு காலியா இருந்ததாலயா இவன் பேரு கெட்டுச்சு?”

“இல்லத்தா, அது நிரல்ல—” என்று பெகிமாய் ஆரம்பித்தாள்.

“காலியா இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு.”

“போன் வச்சிருக்கிற பய எவனாவது இங்க வா. நூறு சோம் போடு.”

அனுப்பும் கூலி நூற்றெண்பது சோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு பெரியவர்களும் வரிசையில் நின்று தங்கள் வீட்டில் விளக்கேற்றிவிட்டார்கள்.

இதோடு முடித்திருக்கலாம். முடிப்பதற்கு வாகான இடம்தான். ஆனால் இல்கிஸ் கரகந்தாவிலிருந்து எழுதினான்: “பெகா, பெரியவங்களே சரி பண்ணிட்டாங்க. புகார மூடிடு. இருபது இருபதாவே இருக்கட்டும்.” பெகிமாய் பதில் எழுதினாள்: “ஒரு எண்ண மாத்த நமக்கு வலிக்குதுன்னு, தொண்ணூத்தொரு வயசு ஆள வரிசையில நிக்க வைப்பியா?” “நூறுன்னு போட்டா, நூத்தியொரு பேரு இருக்கிற வீடு வராதா?” என்றான் அவன்.

பதில் குபாத்திடம் இருந்தது. சனிக்கிழமை குதிரை வெந்துகொண்டிருந்தபோது போனில் சொன்னார்: “எண்ணே வேண்டாம் தங்கச்சி. நீ எங்கிட்ட ‘ரெண்டாவது? மூணாவது?’ன்னு கேட்டுக்கிட்டே போன மாதிரி, திரும்புறதுக்கு முன்ன அதுவும் கேக்கட்டும்.”

இருபது காலி என்றதும் வாலட் திரும்பிவிடாமல் ஆளிடம் கேட்கும்படி அவள் எழுதி வைத்திருக்கிறாள். இல்கிஸ் இன்னும் ஒப்புதல் தரவில்லை. யாராவது இரண்டு பேர் சோதித்துச் சொன்னால் சேர்க்கிறேன் என்கிறான். புகார் 418 திறந்தே இருக்கிறது. தமிழில் சோதிக்க ஓர் ஆள் தயார். அந்த ஆளை உங்களுக்குத் தெரியும். இன்னோர் ஆள் வேண்டும். உங்கள் வீட்டு வரிசையை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இருபது முகவரிகள் காலி.
இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்களா?

[ஆம்]   [இல்லை]