சிங்காவுக்குத் தெரியாத சொல்

கோட்டுச்சேரியில் அருள்மணி வீட்டுக்கு வந்தபோது சிங்கா உள்ளங்கையில் அடங்கும் நாய்க்குட்டி. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளரான அருள்மணி மாலையில் வண்டியை நிறுத்தியதும் ஓடிவந்து, முன்னங்கால்களை அவன் முழங்காலில் ஊன்றி எழும்பும். அவனும் மனைவி கவியாவும் சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட்டை அதன் வாயில் போடுவார்கள். பத்து மாதத்தில் அது அவன் மார்பளவுக்கு எழும்பியது. பிஸ்கட் மட்டும் நிற்கவில்லை.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சுகம் கேட்டுக்கு வெளியே நின்றுதான் குரல் கொடுப்பாள்.

“தம்பி, இதுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க. என்னைக்காவது யாரையாவது சாய்ச்சிடப் போவுது.”

“கடிக்காதுக்கா. ஆசையிலதான் ஏறுது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்மணி கேட்டைத் தாழிட மறந்துவிட்டான். மீன் போட்டுவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றி அஞ்சுகம் திரும்பிய நேரம், சிங்கா கேட்டை முட்டித் திறந்து பின்னாலிருந்து அவள்மேல் தாவியது. சிமெண்டு ரோட்டில் கையை ஊன்றியபடி விழுந்தாள். அவள் அலறிக்கொண்டிருக்க, சிதறிக் கிடந்த சங்கரா மீனை அது தின்னத் தொடங்கியது.

“சிங்கா, வா! விடு, சிங்கா!” என்று அருள்மணி கத்தினான்.

தன் பெயர் காதில் விழுந்ததும் அது வாலை ஆட்டியது. வா, விடு என்ற சொற்களை அதற்கு யாரும் கற்றுக்கொடுத்ததே இல்லை.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அஞ்சுகத்தின் மகள் அல்லி அவனை நேராகப் பார்த்தாள். “கடிக்காதுன்னு சொன்னீங்களாமே?”



மறுநாளே சிங்காவைக் குரும்பகரத்தில் கவியாவின் தம்பி செம்பியன் வீட்டில் கொண்டுபோய் விட்டான். வயல்வெளி, ஓடியாட இடம் இருக்கிறது, தொல்லை தீர்ந்தது என்று நினைத்தான். மூன்றாம் நாள் செம்பியன் போன் செய்தான்.

“மாமா, நடவுக்கு வந்தவங்கள்ல ஒருத்தர சேத்துல தள்ளிடுச்சு. கீழ சேறா இருக்கப்போய் தப்பிச்சாங்க. கோவிச்சுக்காதீங்க, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

அவனைக் கண்டதும் சிங்கா பாய்ந்து வந்து மார்பில் கால்களை ஊன்றியது. அருள்மணியின் கை தானாகவே அதன் தலையைத் தடவப் போனது. பாதியிலேயே இழுத்துக்கொண்டான். நாங்கள் பழக்கியதைத்தானே இது செய்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குக் கூட்டிவரும் வழியில் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினான். அவர் சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. ஏறினால் பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். நாலு காலும் தரையில் இருந்தால்தான் தீனி, கொஞ்சல் எல்லாம். வீட்டில் ஒருவர் இடம் கொடுத்தாலும் அத்தனையும் வீண்.

திரும்பிக்கொள்ளும்போதெல்லாம், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பதுபோல் சிங்கா முனகும். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் கவியா பார்க்காத நேரமாகப் பார்த்துத் தடவிக் கொடுத்துவிட்டான். மறுநாள் அது மறுபடியும் எல்லார்மேலும் ஏறியது.

“நீங்க தடவிக் குடுத்தீங்கதானே?” என்றாள் கவியா. “அதுக்குப் பாவம் பாக்குறீங்க. அந்த அக்கா கையை நெனச்சுப் பாத்தீங்களா?”

அதன்பிறகு அவன் தவறவில்லை. ‘உக்காரு’ பிடிபடப் பதினைந்து நாள் ஆனது. ‘வா’ என்பதற்கு அதைவிட அதிகம்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சுகம் வந்தாள். கூடையை அல்லி சுமந்து வந்தாள். அஞ்சுகத்தின் விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

“சிங்கா, உக்காரு.”

உட்கார்ந்தது. உடம்பெல்லாம் துடித்தது, வால் தரையைப் பெருக்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தான். அஞ்சுகம் ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கி, நல்ல கையால் மற்ற மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாத்தான் கேக்குது தம்பி. இருந்தாலும் கட்டிப் போடுங்க. எனக்கு இன்னும் நெஞ்சு அடிச்சுக்குது.”

சிங்காவைக் கட்டினான். கேட்டைத் தாழிட்டு, இழுத்துப் பார்த்தான். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு அவன்தான் ரோட்டைக் கடந்து போய் மீன் வாங்கி வருகிறான்.