பச்சைக் கதவு வீட்டின் படம்

தெருவில் நின்று எடுத்த படம்தானே என்று, அந்தப் பச்சைக் கதவு வீட்டின் படத்தைப் புகைப்படக்காரர் பெயிண்ட் கம்பெனியின் விளம்பரத்துக்கு விற்றார். 'வீட்டுக்காரர் சம்மதம் உண்டு' என்ற வரிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போட்டார். இப்போது கம்பெனி சம்மதக் கடிதம் கேட்டதால் முதல்முறையாக அந்தக் கதவைத் தட்டினார்.

வீட்டுக்கார அம்மா பாதிக் கதவுதான் திறந்தாள். "அடிச்ச புருஷனுக்கு பயந்து இங்க ஒளிஞ்சிருந்தேன். ஊரெல்லாம் என் வீட்டுப் படத்தை ஒட்டிட்டீங்க. அதைப் பார்த்துத் தேடி வந்து, நேத்து அவன் எதிர்ல நின்னு சிரிச்சான்."

அவர் உடனே கம்பெனியைப் போனில் அழைத்து, விளம்பரத்தை எடுக்கச் சொன்னார்.

"பொய்க் கையெழுத்துன்னு எழுதிக் கொடுங்க சார், எடுத்துடறோம். வழக்கு உங்க மேலதான் வரும்."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதி, கம்பெனிக்குப் போனில் அனுப்பினார்.

"அவன் பார்த்தது பார்த்ததுதானே," என்றபடி அவள் ஊரைவிட்டுக் கிளம்பத் துணி அடுக்கிய பெட்டியை மூடினாள்.