பெத்லகேமில் விழுந்த ஆடு

எங்கள் தெருவில் யார் வீட்டு ஃபர்னஸ் மக்கர் செய்தாலும் போதும், அத்தனை பேருக்கும் வாய் முளைத்துவிடும். அணைக்கட்டு பக்கத்திலேயே இருப்பதால் இங்கே மின்சாரம் மலிவு. அதனால் ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் வீட்டைச் சூடாக்க ஒரு தகர பீரோ நிற்கிறது, அதுதான் ஃபர்னஸ். அதற்குள் இருப்பது ரொட்டி வாட்டும் டோஸ்டரில் உள்ள அதே கம்பிச்சுருள்தான், கொஞ்சம் பெரியது. கூட ஒரு ஃபேன். வீட்டுக் காற்றை இழுத்து, சுருளின் மேல் ஊதி, சூடாக்கித் திருப்பி அனுப்பும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். அதன் முன்னால் எத்தனை கெட்டிக்காரர்கள் மண்டியிட்டு முழித்தார்கள் என்று போன டிசம்பரில் பார்த்தேன். நானும் முழித்தவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் கண்டுபிடித்துப் பீற்றிக்கொள்ள வேண்டாம்.

பழுதானது பக்கத்து வீட்டு பியரெத்தின் ஃபர்னஸ். புருஷன் ரொலான் செத்த பிறகு அவளுக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஒரே மகள் மானோன், க்யுபெக் நகரத்தில் இருக்கிறாள். ஏழைகள் வீட்டுப் பழைய சாமானைக் கொண்டுபோய்ப் பணக்கார வீட்டில் வைத்து அழகு பார்க்கிற கூட்டத்தோடு அவளுக்குப் பழக்கம். இலையுதிர் காலத்தில் வந்தவள், ரொலான் தன் கையால் செய்த பைன் மரமேசையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போனாள். "உனக்கு எதுக்கும்மா இது, தூசிதான் அடையுது" என்றாளாம். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அவள் வீட்டருகே முதியோர் இல்லம் ஒன்றில் அறை பார்த்து வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வீடு ஒழுங்காகச் சூடாக இல்லையென்றால் அம்மாவைக் கையோடு கூட்டிப்போய்விடுவாள்.

ஃபர்னஸ் அதைக் கேட்டிருக்க வேண்டும். டிசம்பர் பிறந்ததும் படுத்துக்கொண்டது.

முதலில் வந்த மெக்கானிக் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே, சுவரில் சூட்டை அளந்து காட்டும் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அடுத்து வந்தவன் ஒரு கம்பிச்சுருளை மாற்றினான். இரண்டு பேரும் பீரோவின் கதவைக் கழற்றி வைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். சுருள் சிவந்தது, மேலே அனல் வீசியது. கதவை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வண்டி மரஆலையைத் தாண்டுவதற்குள் வீட்டில் பழையபடி குளிர்காற்று. ஃபேன் மட்டும் ஊதோ ஊதென்று ஊதும்.

எதிர்வீட்டு யுவோன் சும்மா இருப்பானா. படுக்காத அறைகளில் சூடான காற்று வருகிற காற்றுவாய்களை எல்லாம் மூடு, சூடு மிச்சமாகும் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனான். பியரெத் மூடினாள். குளிர் கூடியது.

"அவன் வீட்டு மூளையையும் இப்படித்தான் மூடி வெச்சிருக்கான்" என்றேன். "மூச்சுவிட முடியாதவன் வாயை இன்னும் பொத்துன்னா எப்படி? எல்லாத்தையும் திற."

"திறந்தாச்சு. நீயே வந்து பாரேன் க்ளெர்மோன். ஆலையில முப்பது வருஷம் மோட்டாரோட மல்லுக்கட்டினவன்தானே."

"மோட்டார் வேற, இந்த டப்பா வேற."

"பார்க்கத் தெரியலைன்னு சொல்லு. கௌரவத்தைப் பாரு."

போனேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபில்டரை எடுத்துப் பார்த்தேன். இரண்டாமவன் புதிதாகப் போட்டது, சுத்தமாகவே இருந்தது. ஃபேனின் இறக்கைகளில் ரொலான் காலத்துத் தூசி, சுரண்டி எடுத்தேன். தளர்ந்த ஒயர்களை முறுக்கினேன். பிறகு கதவில்லாமலே ஓடவிட்டு, பியர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கவனித்தேன். குறையே இல்லை. மூடிவிட்டு மேலே போய் ஒரு காபி குடிப்பதற்குள் காலில் குளிர் ஏறியது. கீழே போய்த் திறந்தேன், மறுபடி சூடு. பார்த்துக்கொண்டிருந்தால் வேலை செய்யும், முதுகைத் திருப்பினால் படுத்துக்கொள்ளும். ஆலையில் எங்கள் மேஸ்திரிக்கும் இதே குணம். அவனுக்குப் பணிஓய்வில் கைக்கடிகாரம் கொடுத்தார்கள்.

"பேசாம கதவைத் திறந்தே போட்டுடேன்" என்றாள் பியரெத்.

"போடலாம். நிலவறையில கிடக்கிற அழுக்கு முழுக்க உன் நெஞ்சுக்குள்ள போகும். மின்சாரக் கம்பி வேற வாயைப் பிளந்துட்டு நிக்கும். அப்புறம் மானோன் உன்னை இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம், நேரா கல்லறைக்கே கூட்டிட்டுப் போகலாம்."

"வாயில நல்லதே வராதா உனக்கு?" கூடத்து மூலையில் தரையில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த வருஷம் எதுவுமே சரியில்ல. ஃபேன் கிளம்புறப்பல்லாம் என் ஆட்டுக்குட்டி குப்புற விழுது."

"அதுக்கும் குளிர் தாங்கல போல" என்றேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அத்தனை புத்தி எனக்கு.

மானோன் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். நான் கீழே, சுருளுக்கு மின்சாரம் விடுகிற ரிலேயை மாற்றிக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது கோட்டைக் கழற்றாமல், கையுறையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றிருந்தாள்.

"மாமா, நீங்களுமா? இந்த வீட்டுக்கு இன்னும் எத்தனை டாக்டர் வரணும்?"

"உன்னையும் சேர்த்தா நாலு" என்றேன்.

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "பதினாலு டிகிரிம்மா. வெளியில நாய்கூட இதைவிட வசதியா இருக்கு. துணியெல்லாம் எடுத்து வை, நாளைக்குக் கிளம்பலாம். ரூம் தயாரா இருக்கு."

"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் பியரெத்.

"கார் நிறுத்துற பக்கம். அதனால என்ன? அங்க சூடா இருக்கும்ல."

பியரெத் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். ஏரியைப் பார்க்கிற ஜன்னலோரம் நாற்பது வருஷம் உட்கார்ந்தவள். 

அப்போது கீழே ஃபேன் கிளம்பியது. குடிலில் ஆட்டுக்குட்டி விழுந்தது. மானோன் குனிந்து, யோசிக்காமலே அதை எடுத்து நிறுத்தினாள். விழுந்தது. மறுபடி நிறுத்தினாள். இந்தத் தடவை ஓர் இடையனும் சேர்ந்து சாய்ந்தான்.

"இரு" என்றாள் பியரெத். "கையை எடுக்காத. அந்தப் பஞ்சைப் பாரு."

பனிக்காக விரித்திருந்த தடித்த பஞ்சு, நடுவில் பள்ளமாகத் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, யாரோ அடியிலிருந்து உறிஞ்சுவதுபோல. பியரெத் எழுந்து வந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மாடு, கழுதை, மூன்று ராஜாக்கள் எல்லாம் உருண்டன. நல்லவேளை, குழந்தை இன்னும் பிறக்கவில்லை, கிறிஸ்துமஸ் இரவுக்காக அலமாரி இழுப்பறையில் காத்திருந்தார். பஞ்சுக்கு அடியில் அகலமான இரும்புக் கிரில். ஃபர்னஸ் வீட்டுக் காற்றை இழுக்கிற வழி. அதற்கிருக்கும் ஒரே மூக்கு. டிசம்பர் பிறந்ததும் அதன்மேல் பெத்லகேம் ஊரையே தூக்கி வைத்திருந்தாள் பியரெத்.

கிரில் பெருமூச்சு விட்டது.

பிறகு யோசிக்க என்ன இருக்கிறது. காற்று போதாமல் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும்; வீடு எரியாமலிருக்க, காவலுக்கு வைத்த சுவிட்ச் சுருளை அணைக்கும்; ஃபேன் மட்டும் குளிரை ஊதும். கதவைத் திறந்து வைத்தால் நிலவறைக் காற்றைக் குடித்துக்கொண்டு நன்றாக ஓடும். வந்தவன் எல்லாம் கதவைத் திறந்துதான் பார்த்தான். மேலே வந்து கூடத்தைப் பார்த்தவன் ஒருவனுமில்லை. ஆடு தினமும் விழுந்து விழுந்து சொல்லியும் நான் அதைக் கேலி செய்தேன்.

காற்றுவாயில் கையை வைத்தேன். சூடு வந்தது. நின்று பார்த்தோம், மூடிய கதவோடுதான் ஓடியது, நிற்கவில்லை.

"அடக்கடவுளே" என்றாள் மானோன். "இதைக் கொண்டுவந்து தரையில வைப்பாங்களாம்மா? இதுக்குத்தான் சொல்றேன், உன்னால தனியா—"

"முப்பது வருஷமா மேசை மேலதான் இருந்துச்சு" என்றாள் பியரெத்.

மானோன் ஜன்னலோரத்து வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"மேசை எங்கன்னு கேளேன்."

மானோன் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என்ன வெச்சிருக்க அதுமேல?" என்று பியரெத்தே கேட்டாள்.

"காபி மெஷின்" என்றாள் மகள், தரையைப் பார்த்து.

"அப்போ அது தரையில இருக்கட்டும். காபி மெஷினுக்குக் குளிராது."

மறுநாள் மானோன் கிளம்பினாள், தனியாக. காட்டுச்சாலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் மதியம் காரின் கூரையில் மேசையோடு திரும்பி வந்தாள். பலகையில் ஒயின் கோப்பைகள் வட்டவட்டமாகக் கறை போட்டிருந்தன. பியரெத் அவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பஞ்சை விரித்தாள். பெத்லகேம் ஜன்னலோரம் ஏறியது. கிரில் திறந்து கிடந்தது.

யுவோன் வந்தான். சுவரில் இருபத்தியொன்று டிகிரி காட்டியதைப் பார்த்தான். "காற்றுப் பிரச்சினைதான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான். அவனுக்கும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டிகைப் பலகாரத்தில் ஒரு துண்டு வைத்தார்கள். பண்டிகை நாளில் யாரையும் விரட்டக் கூடாதாம்.

"அந்த ரூமுக்கு என்னம்மா பதில் சொல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள் மானோன்.

"யுவோனுக்குக் கொடுக்கச் சொல்லு" என்றாள் பியரெத். "கோட்டைக் கழற்றிட்டு உட்காரு. வேர்க்குது உனக்கு."

மானோன் கழற்றினாள்.