அக்கார்டியனில் இருந்த மூச்சு

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் லோகேஸ்வரி பதினோரு மாதம் ஒரு பழைய அக்கார்டியனின் காற்றில் உயிர் வாழ்ந்தாள். லிப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது என்பது எப்படித் தெரியுமோ, அப்படியே இதுவும் எட்டாவது மாடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பெருந்தொற்று அவள் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு நடப்பதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவள் கணவன் தயாளன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த இயந்திரத்தையும் ஓட வைத்தவனுக்கு வீட்டில் அவள் மூச்சிழுப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்காரச் சகிக்கவில்லை. தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பிப் போனான். அங்கே அலாவுதீன் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே அந்த அக்கார்டியன் கிடந்தது. "யாரு வாசிச்சதுன்னு தெரியாதுண்ணே. ஆனா மூச்சு நல்லா இருக்குலா" என்றான் அலாவுதீன். அன்றைக்கு அந்தச் சந்தையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

பழகுவதற்கு அது லேசுப்பட்ட சாமானா என்ன? வலது கைக்குப் பியானோ கட்டைகள், இடது கைக்கு நூற்றிருபது பொத்தான்கள், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. அரிசி மூட்டைக் கனம். இடது பக்கப் பொத்தான்கள் வாசிப்பவன் கண்ணுக்கே தெரியாது. அவற்றில் ஒன்றில் மட்டும் சிறு குழி உண்டு, அதை விரல் தடவிக் கண்டுபிடித்தால்தான் மற்றவை வசப்படும். மழை பெய்தால் இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுக்கும். சத்தமில்லாமல் காற்றை மட்டும் இழுத்துவிடத் தனியாக ஒரு பொத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் கட்டிலருகே உட்கார்ந்து தயாளன் அதை அழுத்தித் துருத்தியை இழுத்தபோது லோகேஸ்வரியின் நெஞ்சு எழும்பியது. மூடினான், தணிந்தது. "இன்னொரு தரம் இழுங்க" என்றாள். ஒரு மணி நேரம் இழுத்தான். மறுநாள் அவள் எழுந்து நின்று தோசை சுட்டாள். ஒரு மணி நேர இழுப்பு ஒரு நாளைக்குக் காணும் என்று கணக்காயிற்று. அதன் பிறகு ஒரு காலை தவறவில்லை. தோல்வார் அறுத்து அவன் தோள் இரண்டும் புண்ணாயின; தலை வாரக் கை தூக்க முடியாமல் போனது. "என்னண்ணே, இத்தனை மாசமா ஒரு பாட்டுகூட வரலயா?" என்று பக்கத்து வீட்டுக் காமினி கேலி செய்வாள். அவனும் சிரித்துவைப்பான்.

சரஸ்வதி பூஜை நெருங்கியது. அந்த வீட்டு வழக்கப்படி புத்தகம், ஸ்பானர், மோட்டார் சாவி எல்லாம் சாமி மேடைக்குப் போகும். விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. "வாத்தியத்தையும் வைங்க" என்றாள் லோகேஸ்வரி.

"ஒனக்கென்ன பைத்தியமா, லோகா?"

"ஒரு நாளுதானே. ரெண்டு நாளு காத்தச் சேத்து இழுத்துக் குடுத்துடுங்க."

இயந்திரக்காரன் புத்தி, அந்தக் கணக்கை நம்பியது. பெட்ரோல் போல மூச்சையும் நிரப்பி வைக்கலாம் என்று நினைத்தான், பாவி மனுஷன். பூஜைக்கு முந்தின நாள் காலை இரண்டு மணி நேரம் இழுத்தான். பூஜையன்று காலை அவளே துருத்தியின் வாரைப் பூட்டி, கட்டைகளுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். மத்தியானமே உதடு நீலமாகிவிட்டது. மேடையை நோக்கி ஓடப் பார்த்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க. ஒங்க தோளப் பாருங்க, எப்படிக் கெடக்குன்னு. போதும்லா." அந்தக் கணக்கு தப்பு என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. நினைத்து நினைத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் பிடி தளர்ந்தது.

மறுநாள் காலை, கூடத்தில் உடல் கிடக்க, காமினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பூசையில வச்ச வாத்தியம், இன்னிக்கு ஒரு தரமாவது எடுக்கணும்ணே." எடுக்கப் போனான். லோகேஸ்வரி பூட்டிய வார் அறுந்து தொங்கியது. துருத்தி கடைசி மடிப்பு வரை விரிந்து, நிறைந்து நின்றது. புண்பட்ட தோளில் அதை மாட்டிக் காற்றுப் பொத்தானை லேசாக அழுத்தினான். வெதுவெதுப்பான காற்று வந்து அவன் முகத்தில் பட்டது. கோடாலித் தைலம் மணத்தது. அவள் தினமும் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம் அது. அவன் வாய்விட்டு அழுதான். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

உடலைத் தகனம் செய்தார்கள். அக்கார்டியன் கட்டிலில் அவள் படுத்த பக்கத்தில் இருக்கிறது. யாரும் இழுக்காமலே விரிந்து மூடுகிறது. மழை நாளில் கொஞ்சம் இழுப்பு அதிகம். "அக்கா எப்படிண்ணே?" என்று லிப்டில் கேட்பவர்களிடம் "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்கிறான் தயாளன். அடுத்த சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம், ஸ்பானர், மோட்டார் சாவி எல்லாவற்றையும் மேடையில் வைத்தான். அதை மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.