தெரியாது என்றொரு கட்டம்

சமையலறை மூலையில் குப்பைத் தொட்டியை நகர்த்தியபோதுதான் மோர்வென் அதைப் பார்த்தாள். சுவரின் அடிச்சட்டத்தை நெம்பிக்கொண்டு, வெயில் படாத வெளிறிய தண்டு ஒன்று ஒரு சாண் உயரம் வளைந்து நின்றது. நுனி மட்டும் சிவப்பு. கண் திறக்காத எலிக்குட்டி ஒன்று மூக்கை நீட்டி மோப்பம் பிடிப்பது போலிருந்தது. ஒடித்தாள். உள்ளேயிருந்த தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த ஈரம் கையிலேயே இருப்பதாகத் தோன்றியது. அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது ஜப்பான் களை. வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. ரயில்பாதைச் சரிவிலும் ஆற்றங்கரையிலும் ஆளுயரத்துக்குக் காடாக நிற்கும். மோர்வெனின் கொல்லைக் கொட்டகைக்குப் பின்னாலும் இரண்டு வருடமாக இருந்தது. கத்தரியால் வெட்டித் தள்ளினால் ஒழிந்துபோகும் என்று நினைத்திருந்தாள். வெட்ட வெட்ட அது பூமிக்கடியில் வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள். கணவன் போய் ஆறு வருடம். செங்குத்தான இந்தத் தெருவை விட்டு, கடலோரம் லிஃப்ட் வைத்த அடுக்ககத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். இதை விற்றால்தான் அதை வாங்கமுடியும். சுவரையே துளைக்கும் இந்தக் களை இருக்கும் வீட்டை வாங்க எந்த வங்கியும் லேசில் கடன் தராது.

அண்ணன் இஸ்ல்வின் வீடுகளுக்குத் தளம் போடும் வேலை செய்பவன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நவம்பர்ல தானாப் பட்டுப்போயிடும். தோண்டி எடுத்துட்டு, கறுப்பு ஷீட் விரிச்சு ஜல்லி கொட்டிடறேன். குளிர்காலத்துலயே வீட்டத் தள்ளிவிட்டுடு."

"வீடு விக்கற படிவத்துல, களை இருக்கான்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். ஆமா, இல்ல, தெரியாதுன்னு மூணு கட்டம் இருக்கு. தெரியாதுல டிக் போடு. பஸ் ஓட்டினவளுக்குச் செடி கொடியப் பத்தி என்ன தெரியும்?"

மோர்வெனும் சேர்ந்து சிரித்தாள்.

டிசம்பரில் அவன் தோண்டினான். மண்ணுக்குள்ளிருந்து கைத்தடி பருமனுக்கு வேர் வந்தது. உடைத்தால் உள்ளே அழுகிய கேரட் நிறம். நான்கு மூட்டை கட்டி வேனில் ஏற்றினான். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்கு, ஆற்றோரம், அங்கே ஏற்கெனவே காடாகத்தானே கிடக்கிறது என்றான். மோர்வெனுக்குக் குமட்டியது. அப்படிக் கொட்டுவது குற்றம் என்று தெரிந்தும் வேன் கதவை அவளே சாத்திக் கொடுத்தாள். சமையலறை ஓட்டையில், காய்ந்தால் இறுகும் நுரையை அடைத்து, புதுச் சட்டம் அடித்து, வெள்ளை பெயின்டும் பூசிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரியில் கேட்ரின், ஓவைன் என்று ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். கேட்ரினுக்கு ஏழு மாதம். வீடு பிடித்துவிட்டது என்பது அவள் சுவரைத் தடவிய விதத்திலேயே தெரிந்தது. கொல்லைப் பக்கம் போனவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, ஜல்லியைக் கையால் அளைந்தாள்.

"இத அள்ளிட்டு இங்க மணல் கொட்டிடலாம் ஓவைன். பிள்ளை விளையாடட்டும்."

அவள் விரலுக்கடியில் கறுப்பு ஷீட்டின் ஓரம் எட்டிப் பார்த்தது. மோர்வெனின் வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. டீ போடுகிறேன் என்று உள்ளே போனவள் கெண்டியை அடுப்பில் வைத்தாள். பிறகு ரொட்டிக் கத்தியை எடுத்து மூலையில் மண்டியிட்டு, அந்தப் புதுச் சட்டத்தைப் பெயர்த்தாள். சத்தம் கேட்டு இருவரும் ஓடி வந்தார்கள்.

வீட்டுச் சூட்டில் அதற்குக் குளிர்காலமே தெரிந்திருக்கவில்லை. நுரையைத் துளைத்துக்கொண்டு, பெயின்டுக்குப் பின்னால் சுருண்டு சுருண்டு, வெள்ளைத் தண்டுகள் ஒரு கொத்தாகக் கிடந்தன.

ஓவைன் குனிந்து அந்தக் கொத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"படிவத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"தெரியாதுன்னு."

அவன் களையைப் பார்த்த முகத்தை மாற்றாமல் அப்படியே அவளைப் பார்த்தான். கேட்ரின் ஜல்லியைத் தொட்ட கையைக் கோட்டில் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி துடைத்தாள். டீயைத் தொடாமல் இருவரும் போய்விட்டார்கள். இஸ்ல்வினோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு மோர்வெனுக்கு அப்போது ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

இஸ்ல்வின் போனில் கத்தினான். கைக்கு வந்த பணத்தை வாசலோடு துரத்திவிட்டாளாம். அவன் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நாலு மூட்டையும் என் கொல்லைல இருக்கணும். இல்லன்னா உன் வேன் நம்பர எழுதி நகராட்சிக்கு நானே அனுப்புவேன்."

"அண்ணன்னுகூடப் பாக்க மாட்டியா?"

"அண்ணன்னு பாத்துத்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டிருக்கேன்."

மூன்று மூட்டைகள் வந்தன. நான்காவது கிழிந்து ஆற்றோடு போய்விட்டதாகச் சொல்லி, வந்ததை வாசலில் எறிந்துவிட்டுப் போனான். அதன்பின் அவன் அவளோடு பேசவில்லை. அவளும் அவனைத் தேடிப் போகவில்லை. ஆற்றோடு போன அந்த மூட்டை மட்டும் அவள் நினைப்பை விட்டுப் போகவில்லை. யார் வீட்டுச் சுவரை அது துளைத்துக்கொண்டிருக்கிறதோ.

முறையாக உரிமம் வாங்கிய ஆள் ஒருவன் வந்து மூட்டைகளை எடுத்துப்போனான். செப்டம்பர்தோறும் வந்து, மருத்துவமனை ஊசி மாதிரி ஒன்றால் தண்டு தண்டாக மருந்தேற்றினான். மூன்று வருடம் அவள் அந்தத் தெரு மேட்டை ஏறி இறங்கினாள். கடைசி வருடம் வந்த தளிர்கள் விரல் உயரம்கூட இல்லை. இலைகள் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, மஞ்சளாக நின்றன. செத்துக்கொண்டிருந்தபோதும் அவளுக்கு அதன் மேல் இரக்கம் வரவில்லை. ஜன்னலில் நின்று, அருவருப்பு தீரும்வரை பார்த்தாள். தீரவில்லை.

நான்காவது வருடம், களைக்கு மருந்தேற்றியதற்கான உத்தரவாதப் பத்திரத்தோடு வீடு விலைபோனது. அவள் எண்ணியிருந்த விலை கிடைக்கவில்லை. வாங்கியவரிடம் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். போதும், புரிகிறது என்று அவர் இரண்டு முறை சொல்லியும் நிறுத்தவில்லை.

பார்த்து வைத்திருந்த வீடு எப்போதோ கைமாறிவிட்டது. அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அதைவிடச் சிறியதாக ஒன்று கிடைத்தது. கடல் தெரியாது, கார் நிறுத்தும் தளம்தான் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணே இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.